தொட்டுப் பார்க்கலாம்!

"மேடம்... அந்தச் சிலை மேல ஈ மொய்க்குதே!"

பார்வையாளர் ஒருவர் சொன்னதும், அப்போதுதான் உள்ளே நுழைந்த க்யூரேட்டர், அந்தக் கண்காட்சியை அமைத்தவள், திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அவள் கண்காட்சியில் சிலையே கிடையாது!

அது ஒரு பழைய கிடங்கு. தெருவில் வீட்டுக்கு ஒரு நாற்காலி இரவல் வாங்கி வட்டமாகப் போட்டிருந்தாள். யாரும் வரலாம், உட்காரலாம், பேசலாம். அதுதான் கலை என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்திருந்தாள்.

தையற்காரம்மா கொடுத்த நாற்காலியில் ஓர் ஆள், தலை தொங்கியபடி. பக்கத்துத் தூணில் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. காலையிலிருந்து ஜனங்கள் படம் பிடித்து, 'தத்ரூபம்!' என்று பாராட்டிவிட்டு நகர்ந்திருந்தார்கள்.

க்யூரேட்டர் தொட்டாள்.

ஜில்லென்றிருந்தது!

கிடங்கின் சொந்தக்காரர்... கழுத்தை இறுக்கியபடி தையல் இன்ச் டேப்!

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"டேப் யாரோடது?"

"என்னோடதுதான் ஐயா..." தையற்காரம்மா முன்னால் வந்தாள். "நாற்காலியோட சேர்த்து பார்வைக்குக் குடுத்தேன்."

"இந்த இடத்தை விக்கப் போறார்னு இவர்கூட சண்டை போட்டீங்களாமே?"

"வாய்ச்சண்டைதான் ஐயா!"

"மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து பேசுங்க."

க்யூரேட்டர் யோசித்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் சொந்தக்காரர் மனம் மாறி, "இடம் தெருவுக்கே இருக்கட்டும்மா" என்றார். அப்போது கூட இருந்தது அவள் அண்ணன் மட்டும். பெரிய மனிதர்களுக்கு ஓவியம் விற்கிற அண்ணன்.

அவன் இப்போது அவள் தோளில் கை போட்டான்.

"தெரு ஜனங்களை உள்ளே விடாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்தாள்.

"சார்... அந்த அட்டையில கீழ் மூலை கத்தரிச்சிருக்கா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"படம் மாட்டுற ஆளுங்க அட்டையைத் தலைகீழா ஒட்டிடக் கூடாதுன்னு அடையாளத்துக்குக் கத்தரிக்கிறது. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பழக்கம் ஓவியம் விக்கிற ஒருத்தருக்குத்தான் உண்டு. இங்க எதை வேணும்னாலும் தொடலாம்னு தினமும் சொல்றேன் சார். 'தொடாதீர்கள்'னு எழுத இந்தத் தெருவுல யாருக்கும் தோணவே தோணாது!"

தோளிலிருந்த கை நழுவியது.

"கூடப்பொறந்தவனையே காட்டிக் குடுக்கிறியா?"

"அந்தம்மா என்னண்ணா பாவம் பண்ணாங்க?" அவள் உடைந்து அழுதாள்.

"இந்த இடத்தை எனக்குத்தான்டி விக்கிறேன்னு வாக்குக் குடுத்தான்! உன் நாற்காலியில உட்கார்ந்து நாலு பேர்கூட பேசினதும் பல்டி அடிச்சுட்டான்..."

சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

இன்ஸ்பெக்டர் நெருங்கினார். அண்ணன் பின்வாங்கினான்.

"என்னைத் தொடாதீங்க!"

'க்ளிக்!' விலங்கு பூட்டியது.

"ஸாரி சார்... இந்த ஹால்ல எதை வேணும்னாலும் தொடலாம்னு உங்க தங்கச்சி இப்பத்தான் சொன்னாங்க!"