இன்னும் ஒராள் வேணும்

நேற்று அந்தப் பாட்டின் நீளம் மூன்று நிமிடம் பன்னிரண்டு செக்கன். இன்று நாலு நிமிடம் ஐந்து. அன்ரோனெற் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். பாட்டின் பெயர் அதேதான், ஏற்றிய நாளும் அதேதான், நீளம் மட்டும் கூடியிருந்தது. பாட்டுக்காரர் இரவோடு இரவாக எதையாவது ஒட்டியிருப்பார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வாரத்தில் ஐந்து நாள் கந்தோர்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் சொந்தம். ஊர் பேர் தெரியாத பாட்டுக்காரர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சனியும் மாலை ஆறு மணிக்குத் தன் இணையப் பக்கத்தில் ஒருவரை அறிமுகப்படுத்துவாள். உயிலங்குளத்தில் உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டு ராப் பாடும் பெடியன், பாப்பாமோட்டையில் இரவு வேலை முடிந்து வந்து தன் பாட்டுகளைப் போனில் பதியும் தாதி, இப்படி அறுபது பேருக்கு மேல். அந்தப் பக்கத்தைப் பின்தொடர நாலாயிரம் பேர் இருந்தார்கள். ஆனால் ஆறு மணி அடித்ததும் முதலில் கேட்பவள் எப்போதும் அவளுடைய மகள் சுவேதினிதான். வயது ஒன்பது. சித்தியின் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள், எந்தப் பாட்டானாலும் இரண்டாவது வரியில் கூடச் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவாள். அவளுக்காகத்தான் இதெல்லாம் என்று அன்ரோனெற் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வாரத்துக்காரரை இணையத்தின் ஒரு மூலையில் கண்டுபிடித்திருந்தாள். பெயர் இல்லை, படம் இல்லை, பக்கத்தின் மேல் 'கரை' என்று மட்டும் இருந்தது. கேட்டவர்கள் மொத்தம் பதினாறு பேர். பகிரலாமா என்று எழுதிக் கேட்டதற்கு நள்ளிரவில் ஒரு பதில் வந்திருந்தது: 'பகிரஙகோ கெதயா கெதயா.' இவ்வளவு அவசரமா, இப்படியும் எழுத்துப் பிழையா என்று சிரித்துக்கொண்டே, ஆறு மணிக்குத் தானாக வெளியாகும்படி பதிவை நேரம் குறித்து வைத்துவிட்டாள். அறிமுகமாக நாலு வார்த்தை பேசிச் சேர்ப்பதுதான் பாக்கி.

பேசுவதற்கு வழக்கம் போலப் பைசரின் ஸ்ரூடியோவுக்கு வந்திருந்தாள். மன்னார் பெரிய கடைத் தெருவில் முன்னுக்குப் படம் எடுக்கிற இடம், பின்னுக்குச் சின்ன ஒலிப்பதிவு அறை. சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளும் பழைய மெத்தைகளும் அறைந்து, உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேளாது என்று பைசர் பெருமையடித்துக்கொள்வான். மார்கழி மழை மூன்று நாளாக விடாமல் பெய்ததில் மெத்தைகள் ஈரம் குடித்து, நாள்பட்ட தலையணை உறை போல மணத்தன. பைசர் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, மழைக்குக் கதவு இறுகிக் கிடக்கு," என்றான். "குமிழை ரெண்டு கையாலையும் பிடிச்சுத் திருப்பி இழுங்க, அப்பதான் திறக்கும்."

அவன் கடையின் முன் இரும்புக் கதவை இழுத்துவிட்டுப் போன சத்தம் கேட்டது. பின் அறைக் கதவைச் சாத்தியதும் மழையும் நின்றதுபோல ஆயிற்று. மணி ஐந்து பத்து.

ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டாள். அது ஒரு அம்பாப் பாட்டு. கரைவலை இழுக்கும்போது ஒருவர் வரி சொல்ல, கயிறு பிடித்தவர்கள் 'ஏலேலோ' என்று மறுமொழி சொல்லி இழுப்பார்களே, அது. வரி சொல்லும் குரல் வயதானது, அவசரமே இல்லாதது. மறுமொழி ஒரே ஒரு இளம் ஆணின் குரல். நேற்று பஸ்ஸில் கேட்டபோது அந்தக் குரலில் உரம் இருந்தது, இன்று கம்மிப்போயிருந்தது. ஒவ்வொரு மறுமொழிக்கும் முன்னால் மூச்சு இழுத்தது. பின்னால் கடல் இரைந்தது, மணலில் கால்கள் சறுக்கின.

கல்லு வலையோ, கனத்த வலையோ.

ஏலேலோ.

இன்னும் ஒராள் வேணுமடி.

மறுமொழி வரவில்லை. இடைவெளி நீண்டது. அந்தப் பையன் மூச்சுக்குத் தவிக்கும் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. அரிப்பு என்ற கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு அந்த இடைவெளி பல்லில் சிக்கிய முள் மாதிரி. அம்பா ஒன்று அந்தரத்தில் நிற்பதைக் கரையூர்க்காரர் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

"ஏலேலோ," என்றாள் அன்ரோனெற்.

அவளுடைய இரண்டு கைகளும் மூடிக்கொண்டன.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. நரம்பு இழுப்பு என்று நினைத்தாள். விரல்கள் ஒன்றுமில்லாத ஒன்றைச் சுற்றி இறுகியிருந்தன, உள்ளங்கையில் நனைந்த கயிற்றின் புரி உறுத்தியது. விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. காதுக்குள் அந்தப் பையன் ஒரு முறை அழுவது போலச் சிரித்தான், பிறகு அவனுடைய சத்தமே இல்லை.

மேசையிலிருந்த லப்டொப் திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'கரை' எழுதியிருந்தான், இந்த முறை ஒரு பிழையும் இல்லாமல்.

'நன்றி அக்கா. கை திறந்திட்டுது.'

அவளுடைய அப்பா பேதுரு வலை இழுத்தவர். சின்ன வயதில் கரையில் சும்மா குந்தியிருந்துகொண்டு மறுமொழி பாடினால் ஏசுவார். வாய் குடுத்தால் கையும் குடுக்கோணும் பிள்ளை என்பார். பின்னால் ஒராள் வந்து பிடிக்காமல் முன்னால் பிடித்தவன் கை எடுக்கக் கூடாது, அது கரையின் சட்டம். இப்போதெல்லாம் உழவு இயந்திரம் வலை இழுக்கிறது, அதற்கு அம்பாவும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை. அந்தச் சட்டம் ஒரு சின்ன அறைக்குள் தன்னைத் தேடி வரும் என்று அவள் எப்படி நினைத்திருப்பாள்?

அடுத்த வரி வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். கயிறு அவளை இழுத்தது. கதிரையோடு சரிந்து, முழங்கால் அடிபட்டு, மேற்குச் சுவர் வரை போய் முட்டினாள். முட்டைத் தட்டுகள் நொறுங்கின. அதற்கடுத்த வரிக்கு அவளாகவே மறுமொழி சொன்னாள். சொன்னபோது கயிறு ஒரு சாண் அவள் பக்கம் வந்தது. தோள் மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. கயிற்றின் மறுமுனையில் இருந்தது மீன் இல்லை. மீன் இப்படிக் கனக்காது, இப்படி நிதானமாக மூச்சும் விடாது.

தலையை உதறினாள். ஹெட்போன் கழன்று தரையில் விழுந்தது. பாட்டு நிற்கவில்லை. அது இப்போது அறைக்குள் இருந்தது.

கத்திப் பார்த்தாள். மெத்தைகள் சத்தத்தைக் குடித்துக்கொண்டன. கதவுக் குமிழை மூடிய முட்டிகளால் உருட்டிப் பார்த்தாள், பல்லால் கடித்துத் திருப்பினாள். பித்தளையின் புளிப்பும் இரத்தமும் வாய்க்குள் வந்தன. குமிழ் அசையவில்லை. இரண்டு கையாலையும் பிடித்துத் திருப்ப வேண்டும்.

ஐந்து நாற்பத்தெட்டு.

அப்போதுதான் ஆறு மணி ஞாபகம் வந்தது. சுவேதினி. சித்தியின் போன். இரண்டாவது வரியிலேயே கூடப் பாடிவிடும் வாய்.

பயம் என்றால் என்னவென்று அந்த நொடியில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை இருந்தது வலி மட்டும்.

வரி சொல்லும் நேரத்தில் கயிறு தளரும், மறுமொழி நேரத்தில் அவளைச் சுவருக்கு இழுக்கும். ஒரு வரியின் நீளம்தான் அவளுக்குக் கிடைத்த அவகாசம். மேசைக்கு ஓடினாள். குனிந்து மூக்கால் லப்டொப்பின் தொடுபலகையைத் தேய்த்தாள். திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அந்தப் பையன் எப்படி எழுதினான் என்பது அப்போது விளங்கியது.

ஏலேலோ. சுவர்.

திரும்ப ஓடினாள். பதிவைத் திறந்தாள். ஏலேலோ. சுவர்.

ஐந்து ஐம்பத்தாறு. அம்புக்குறி 'இரத்துச் செய்' என்ற எழுத்துக்குக் கீழே நின்றது. உள்ளங்கை கிழிந்து முழங்கை வரை ஈரமாக வழிந்தது. அறையில் சேற்று மணம். ஆழக்கடலின் சேறு, வெயில் கண்டிராதது.

கிட்ட வருகுது, கிட்ட வருகுது.

ஏலேலோ.

ஐந்து ஐம்பத்தெட்டு. மூக்கு தொடுபலகையில். அம்புக்குறி சரியாக எழுத்தின் மேல். அழுத்தினால் போதும்.

அழுத்தினால் இந்தக் கை திறக்காது. இன்றைக்கும் திறக்காது, நாளைக்கும் திறக்காது. முன்னால் சுவர் ஈரமாகப் புடைத்துக்கொண்டு வந்தது.

நாலாயிரம் பேர், என்று நினைத்தாள். நாலாயிரம் பேரில் ஆரோ ஒராள். கனடாவில் ஒராள். லண்டனில் ஒராள். முகம் தெரியாத ஒராள்.

மகளின் பெயரை அவள் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க முடிந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு மணி.

இன்னும் ஒராள் வேணுமடி, என்றது குரல்.

அறை காத்திருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. கயிறும் இழுக்கவில்லை. பிறகு, தரையில் கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து, சுருதி ஒரு இழையும் பிசகாமல்:

"ஏலேலோ."

வலது கையின் சுண்டுவிரல் முதலில் திறந்தது. பிறகு அடுத்தது. இரத்தம் தோய்ந்த பத்து விரல்களும் ஒவ்வொன்றாக, நோகாமல், தாமாகவே விரிந்தன. தோளிலிருந்த பாரம் இறங்கிய சுகத்தில் அவளுக்கு மூச்சு வந்தது.

"அம்மா," என்றது ஹெட்போன், மூச்சு வாங்கிக்கொண்டு. "பாரமாக் கிடக்கு அம்மா."

அந்த வயதான குரல் அவசரமில்லாமல் அடுத்த வரியைத் தொடங்கியது.