காலி உறை

வேல்விழி அவன் வலது கையில் ரோபோ உறையை மாட்டி பெல்ட்டை இறுக்கியதுமே, வெடிவிபத்தில் மரத்துப்போன விரல்கள் அசைந்தன. மேசைமேல் இடது உறை காலியாகக் கிடந்தது. நல்ல கை அதில் நுழைந்து என்ன செய்கிறதோ, அதைக் கெட்ட கை அப்படியே செய்யும். அதுதான் இந்த இயந்திரத்தின் வித்தை.

“ஏம்மா, இடது கையை நான் இன்னும் மாட்டவே இல்லையே,” என்றான் ராஜபாண்டியன்.

“இந்த மிஷினுக்கு உங்களவிட அவசரம் அண்ணாச்சி. திறப்பு விழாவுல சால்வை போட்டாகல்ல, அந்தத் திமிரு. பத்து வருசமா கை கால் நீவிவிடுற எனக்கு ஒரு துண்டுகூட போடல.” பிசியோதெரபிஸ்ட் வேல்விழி சிரித்தாள். “இருங்க, கம்பெனிக்காரகட்ட கேட்டுட்டு வாரேன்.”

கண்ணாடிக் கதவு மூடியது. ஏசியின் உறுமலுக்கு அடியில், மோட்டாரின் கொசு ரீங்காரத்துக்கும் அடியில், டெட்டாலையும் புது ரப்பரையும் மீறிக்கொண்டு, ஆறு மாதமாக எந்த சோப்புக்கும் அசையாத அந்த வெடிமருந்து வாடை, கந்தகமும் கரியுமாக, மெல்ல எழுந்து அவன் நாக்கில் உட்கார்ந்தது.

காலி உறை எழும்பியது. தட்டு. தட்டு. நிறுத்தம்.

அவன் வலது கையும் தட்டியது.

பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் மாடத்தி மட்டும்தான் அப்படித் தட்டுவாள், பீச்சாங்கையால். இரண்டு தட்டு, ஒரு மூச்சு. மருந்து சூடேறி வெடித்துவிடக் கூடாதே. தீபாவளி லோடு நிற்கிறதென்று, சிவகாசியே தன் தலையில் சுற்றுவதாக நினைத்த போர்மேன் ராஜபாண்டியன்தான் வாசலில் நின்று கத்தினான்: “ஏ புள்ள, தாலாட்டா பாடுத? நிறுத்தாம குத்து.”

அதன்பின் அவள் நிறுத்தவில்லை, மருந்து வெடிக்கும்வரை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் செத்துப்போனவளைத்தான் அவசரக்காரி என்றான். நேற்று அவள் மகள் மாரிசெல்வி வார்டுக்கே வந்து கேட்டாள்.

“எங்கம்மாதான் அவசரப்பட்டாளா மாமா?”

“ஆமாத்தா.”

தட்டு. தட்டு. நிறுத்தம் சுருங்கியது. தட்டு தட்டு தட்டு.

“மாடத்தி, நாந்தான் சொன்னேன்,” என்றான். யாருக்கும் கேட்காத அளவுக்குத்தான் சொன்னான்.

வெளியே வேல்விழி போனில்: “காலியா இருக்கையிலேயே அசையுது சார்... அப்படியா, அப்ப நல்லதுதானா?”

உறை நின்றது. உள்ளே கை இருப்பதுபோல் ஐந்து விரலும் புடைத்திருந்தன. பிறகு சுண்டுவிரல் மட்டும் காற்றிறங்கியதுபோல் சப்பையானது.

அவன் தன் வலது உறையைப் பார்த்தான்.

சுண்டுவிரல் இருந்த இடம் தட்டை; உள்ளே விரல் இல்லை. வலியில்லை.

இடது உறையில், மோதிர விரல் சப்பையாகத் தொடங்கியது.