பொடி டப்பா மூடியளவு வானம்

பூட்டனாரின் நோட்டில் தான் திருட்டுத்தனமாக வரைந்த புகைத்திட்டு இவ்வளவு பெரிதில்லை என்று காந்திமதிநாதனுக்கு நிச்சயமாகத் தெரியும். கடுகளவுதான் வைத்திருந்தார். இப்போது அது மிளகளவு இருந்தது.

குற்றாலத்தின் ஆடிச் சாரல் மாலை ஐந்து மணிக்கே அறையை இருட்டாக்கியிருந்தது. தூரத்து அருவியின் ஓயாத இரைச்சலும், பழைய தாளின் ஈர வாடையும், அதற்கும் அடியில் யாரோ இப்போதுதான் டப்பாவைத் திறந்ததுபோல மூக்குப்பொடி நெடியும் சேர்ந்து வந்தன. அந்த வீட்டில் பொடி போடுகிறவர் யாரும் இல்லை.

பொடி போட்டவர் அவருடைய தாத்தாவுக்கு அப்பாவான பூட்டனார். நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே புகைபோலத் தெரியும் நெபுலாக்களைப் பார்த்துக் குறித்தவர். நாளுக்கு ஒரு பக்கம். பொடி டப்பா மூடியை வைத்து ஒரு வட்டம் போட்டு, கண்ணால் கண்டதை மட்டும் அதற்குள் பென்சிலால் வரைவார். வானம் மூடியிருந்தால் வட்டத்தைக் காலியாக விட்டு, கீழே 'மேகம்' என்று எழுதிவிடுவார். பொய் தெரியாத மனுஷன்.

அப்படி ஒரு 'மேக'த்தை அழித்துத்தான் காந்திமதிநாதன் புகையை வைத்தார். உலகில் வேறு யாரும் காணுமுன் பூட்டனார் கண்ட நெபுலா என்று கட்டுரை எழுதினார். பேப்பரில் அவர் போட்டோ வந்தது. நாளை தென்காசியில், அவர் பாடம் நடத்தும் கல்லூரியில் பாராட்டு விழா.

மத்தியானம் சோறு போடும்போது மனைவி உமாராணி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, ஆடிச் சாரல்ல உங்க பூட்டனுக்கு மட்டும் எப்படி வானம் தெரிஞ்சுது?"

"அன்னைக்கு மழை வெறிச்சு வானம் விட்டிருக்கும்ட்டி."

தேதியைக் கவனிக்காமல் விட்டிருந்தார். இந்த ஊர்க்காரன் எவனும் இதைத்தான் கேட்பான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, கரையான் அரித்தது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தைப் புரட்டினார். மறுநாள் வட்டத்திலும் புகை. கீழே 'மேகம்' என்றே இருந்தது. போன வாரம் அந்த வட்டம் காலியாக இருந்தது. அடுத்த நாளில் இன்னும் பெரிது. ஆடி பதினாறில் அதற்குத் தோள் இருந்தது. பதினேழில் தலை. குனிந்த தலை.

அடுக்களையிலிருந்து உமாராணி குரல் கொடுத்தாள். "அங்கன என்னங்க கிறுக்குதிய? பென்சில் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது."

அவர் கையில் பென்சில் இல்லை.

சரக். சரக். முதுகுக்குப் பின்னால்.

கூப்பிட்டால் ஓடி வருவாள். வந்தால் நோட்டைப் பார்ப்பாள்.

"ஒண்ணுமில்லட்டி," என்றார்.

கடைசிப் பக்கம். வட்டம் முழுக்க ஒரு பிடரி. இடப்பக்கம் ஒரு மரு. அவருடைய மரு. பென்சில் கரி இன்னும் பளபளத்தது. கீழே 'மேகம்' இல்லை. பூட்டனாரின் சாய்ந்த எழுத்தில் ஒரே வரி: 'இன்று தெளிவாகத் தெரிகிறது.'

சத்தம் நின்றது.

பொடி நெடி. மருவின் மேல் மூச்சு. பிறகு, குளிர்ந்த தகர மூடி ஒன்று அவர் பிடரியில் வந்து பதிந்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சில் மெல்ல நகரத் தொடங்கியது.