இருபத்து நாலு இன்ச் சந்தேகம்

"சீட்டு உங்க தொப்புளுக்கு மேல நிக்குது."

சைக்கிள் கடையில், பின்னாலிருந்து ஒரு ஆண் குரல். அவள் விருட்டென்று திரும்பினாள். கையில் இருபத்தொன்பது இன்ச் ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பிடித்திருந்தாள். இல்லாவிட்டால் அந்தக் கை வேறு எங்காவது போயிருக்கும்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... சக்கரத்தப் பத்திச் சொன்னேன்." நெடுநெடுவென்று இருந்தான். நனைந்த சட்டை, தோளில் கருவிப் பை, சட்டைப் பையில் டெஸ்டர். "பக்கத்துல நிறுத்தினா சீட்டு தொப்புள் உயரத்துக்கு வரணும். அதான் கணக்கு. அண்ணனக் கேளுங்க."

கடைக்காரர் செயினுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார். "கணக்கு அதுதாம்மா. ஆனா அத அவன் சொல்லியிருக்க வேணாம்."

வெளியே மழை வலுத்தது. போகவும் வழியில்லை.

"காட்டுக்கா, ரோட்டுக்கா?" அவன் விடுவதாக இல்லை.

"காட்டுக்கு."

"மொத தடவையா?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

"மொத தடவைன்னா அந்த இருபத்தி நால எடுங்க. இதுல கியரும் கிடையாது, சும்மா உருளவும் விடாது. பெடல் ஒரு சுத்து, சக்கரம் ஒரு சுத்து. பெரிசு ஓடும்... நிறுத்தத்தான் வராது."

"பெரிசுதான் வேர் மேல ஏறிப் போகும். சின்னது இடிச்சு நிக்கும். நானும் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஏறிப் போகும்... நீங்களும் அது மேல இருந்தீங்கன்னா."

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுக்கு வேலை விமான நிலையத்தில். பெல்ட்டில் நகரும் பைகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்லும் வேலை. நாள் முழுக்கச் சந்தேகப்படச் சம்பளம். பதறுகிறவனை அவள் விட்டுவிடுவாள். சிரித்துக்கொண்டே தானாகப் பையைத் திறந்து காட்டுகிறானே, அவனிடம்தான் கத்தி இருக்கும்.

இவன் கண்கள் அப்படித்தான் இருந்தன. திறந்து போட்ட பை மாதிரி... இமையில் ஒரு மழைத்துளி வேறு. விழவும் இல்லை, காயவும் இல்லை.

கடையில் இருந்தது இரண்டே ஒற்றைச் சக்கரம். இருபத்து நாலு ஒன்று, இருபத்தொன்பது ஒன்று. இவன் காலுக்கு இருபத்தொன்பதுதான் சரி. ஓஹோ... என்னைச் சின்னதில் தள்ளிவிட்டுப் பெரியதை அடிக்கப் பார்க்கிறாயா?

"அண்ணே, இதையே கட்டுங்க."

"சீட்டு மாட்டுற குழாயை எவ்வளவு அறுத்தாலும் சீட்டு ஒரு விரக்கடை தூக்கலாத்தாம்மா நிக்கும்."

"பரவால்ல. நான் எக்கிக்கிறேன்."

வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் கொக்கியிலிருந்து இருபத்து நாலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

இந்த உயரத்துக்கு இருபத்து நாலா? ஏதோ இருக்கிறது... கண்டிப்பாக ஏதோ இருக்கிறது.

வீட்டில் அவளும் அண்ணனும் மட்டும். அண்ணனுக்குச் சலூன். முன்பு கார் நிறுத்துமிடத்தில் சின்னச் சக்கரத்தில் பழகியபோது அவள் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான். இன்னொரு மாவுக்கட்டு விழுந்தால் ஒற்றைச் சக்கரம் பரணுக்குப் போகும், அவள் வாயைத் திறக்கக் கூடாது. அவளும் ஒப்புக்கொண்டாள். மலைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து காட்டுப் பாதையில் இறங்குவது அவள் ஆசை. நாளெல்லாம் அடுத்தவன் பயணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு அது ஒன்றுதான் சொந்தம். அதுவும் ஒரு எலும்பில் தொங்கியது.

முதல் ஞாயிறு பாதி வழியில் சக்கரம் அவளை விட்டுவிட்டு ஓடியது. விழுந்தாள். ஏறினாள். மறுபடி விழுந்தாள். எலும்பு தப்பித்தது, முழங்கால் உரிந்தது. வீட்டில் முழுக்கால் சட்டை போட்டு மறைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் குடியிருப்பு லிஃப்ட் ஓடவில்லை. மாடி ஏறினாள். அவள் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, உள்ளேயிருந்து ஒருவன் எழுந்தான். அதே டெஸ்டர். அதே கண். பக்கத்தில் அண்ணன், கையில் தண்ணீர்ச் சொம்பு. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

நின்றதே, அதுதான் சாட்சி.

"வா போலீஸு," என்றான் அண்ணன். "லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்திருக்காரு. உன் சக்கரத்தப் பாத்துட்டு, உன்னக் கடையில பாத்தேன்னாரு. நல்ல பையன்."

"நல்ல பையனா..." அண்ணன் சொம்போடு உள்ளே போகும்வரை காத்திருந்தாள். "எங்கண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"பட்டன அமுக்கினா கதவு மூட மாட்டேங்குதுன்னாரு."

"விளையாடாதீங்க. கடைக்கு உங்கள அனுப்பினதே அவருதானே? எனக்குப் பயங்காட்டி நிறுத்தத்தானே?"

"உங்கண்ணன நான் இன்னைக்குத்தான் பாக்குறேங்க. கடைக்கு மழைக்கு ஒதுங்கத்தான் வந்தேன்."

"அப்போ அந்த இருபத்தி நாலு எதுக்கு வாங்குனீங்க?"

அவன் கருவிப் பைக்குள் எதையோ தேடினான். காது மடல் சிவந்தது. அவள் தொழிலில் இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை.

"இனிமே என் வழியில வராதீங்க."

"சரிங்க," என்றான். அவ்வளவுதான். குனிந்து திருகாணியை முடுக்க ஆரம்பித்தான். அந்தச் 'சரிங்க' ஏன் முள் மாதிரி உள்ளே நின்றது என்று அவளுக்கே விளங்கவில்லை. அன்று ராத்திரி இருமுறை காரணமில்லாமல் லிஃப்டில் ஏறி இறங்கினாள். கதவு அருமையாக மூடியது.

அடுத்த ஞாயிறு. தூறல். காட்டுப் பாதையில் ஈர மண், அதில் நரம்பு புடைத்த மாதிரி வேர்கள். முதல் வளைவிலேயே இருபத்தொன்பது அவளை உதறியது. இந்த முறை கையை ஊன்றிவிட்டாள். அதே மணிக்கட்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தாள். அசைந்தன. அப்புறம்தான் அழுகை வந்தது.

"உடையலியே?"

கீழே, மரத்தடியில் அவன். தோளில் இருபத்து நாலு.

"வழியில வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"வழியில வரலியே... மரத்தடியிலதான் நிக்குறேன்."

"ஓட்டாம எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"சும்மா... பழகலாம்னு."

"எங்க, ஏறுங்க பாப்போம்."

மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினான். முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடித்தன. தண்ணீர்க் குழாயில் உட்கார்ந்த கொக்கு மாதிரி இருந்தான். அழுகையோடு அழுகையாக அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சீட்டு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணில் பட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இறங்குங்க."

சக்கரத்தை வாங்கினாள். பிடியைத் தளர்த்திச் சீட்டுக் குழாயை உருவினாள். அடிமுனை பளபளவென்று இருந்தது. புதிதாக அறுத்து, அரம் போட்டு இழைத்த முனை.

நெட்டையாக இருக்கிறவன் குழாயைத் தொடவே வேண்டியதில்லை. குட்டையானவர்களுக்குச் சீட்டை இறக்கும்போதுதான் குழாய் டயரில் போய் இடிக்கும். அறுக்க வேண்டும். அறுத்தால் அறுத்ததுதான், திரும்ப நீளாது. அதைத் தெரிந்துகொண்டே ஒருவன் தன் சொந்தச் சக்கரத்தைத் தனக்கு ஆகாமல் செய்திருக்கிறான்.

குழாயைத் திரும்பச் செருகி, சீட்டை ஏற்றாமல் இறக்காமல், தன் பக்கத்தில் நிறுத்தினாள்.

தொப்புள் உயரம். நூல் பிடித்த மாதிரி.

"அளவு எப்படித் தெரியும்?" குரல் தழைந்திருந்தது.

"கடையில பக்கத்துல நிறுத்திக்கிட்டு நின்னீங்களே... அத்தன திட்டும்போது வேற எங்க பாக்குறது? சக்கரத்தத்தான் பாத்துட்டு இருந்தேன்." தரையைப் பார்த்துச் சொன்னான். "பெரிசு ஒத்து வராம ஒருநாள் திரும்பக் கடைக்கு வருவீங்க, அதுக்குள்ள இதை யாராச்சும் வாங்கிட்டா... அதான் வாங்கிட்டேன். எனக்கு ஒத்தச் சக்கரம் ஓட்டவே தெரியாதுங்க. அந்தக் கடைக்காரர் பேசுறதக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சதுதான்."

"எங்கண்ணன் நிஜமா என்ன சொன்னாரு?"

"எப்படியாவது உங்கள நிறுத்தச் சொன்னாரு."

"பாத்தீங்களா! நான் நெனச்சேன்!"

"நிறுத்த மாட்டேன்னு சொன்னேன். சின்னதுல ஏத்தி விடுறேன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை இங்க வருவீங்கன்னு சொன்னதும் அவருதான்."

தூறல் இலைகளில் விழுந்து கொண்டே இருந்தது. அவள் அவன் கண்களைத் துருவினாள். மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒளித்து வைத்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவளைப் பற்றியது.

இருபத்து நாலில் ஏறினாள். சக்கரம் மெதுவாக, அவள் கால் சொன்ன இடத்தில் சொன்னபடி உருண்டது. வேர் மேல் தடுமாறி, நிமிர்ந்து, அடுத்த வளைவும் தாண்டி... சாலை தெரியும் வரை அவள் இறங்கவில்லை. பின்னால் அவன், இருபத்தொன்பதைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றில் வழுக்கியபடி ஓடி வந்தான்.

"விழலீங்க!" அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"விழல." இறங்கி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு... இன்னமும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு. இருந்தாலும் புடிச்சிருக்கு."

அவன் காது மடல் மறுபடி சிவந்தது. "எனக்குக் கடையிலயே..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல், தோளில் இருந்ததை இறக்கிப் பக்கத்தில் நிறுத்தினான். "அப்போ... இந்த இருபத்தொன்பத என்ன பண்றது?"

அவள் அதன் சீட்டையும் அவன் சட்டைப் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க பழகுங்க. நீளக் குழாய் ஒண்ணு போட்டு சீட்ட மட்டும் ஏத்தணும்... உங்க தொப்புளுக்குக் கீழ நிக்குது."