அண்ணாச்சி மூச்சைப் பிடித்த மதியம்

"இன்னொரு தடவை வகுப்பிலே தூங்கினே, பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டாம். கடையிலேயே உட்கார்ந்துக்கோ" என்று ஜெயசிங் வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நயினார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். ஐந்தாம் வகுப்பில் அவனுக்குத்தான் பெரிய உடம்பு. கொஞ்சம் நடந்தாலும் மூச்சு வாங்கும், முழங்கால் வலிக்கும். அவன் அப்பா சங்கரபாண்டியனுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

அவர் தூத்துக்குடி கடைத்தெருவில் பலகாரக் கடை வைத்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. கடையில் நல்ல வியாபாரம். கொழுகொழுவென்ற மகனைச் சாயங்காலம் கடை முகப்பில் உட்கார வைப்பார். அவனைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை. பிள்ளை சோர்ந்து தெரிந்தால் இன்னும் இரண்டு முந்திரிக்கொத்தை எடுத்துக் கொடுப்பார். சோர்வுக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அவ்வளவுதான்.

அன்று மதியம் பள்ளிக்கூடத்துப் பூவரச மரத்தில் சாய்ந்தபடியே நயினார் தூங்கிப்போனான். பக்கத்தில் அவனோடு படிக்கும் பிலோமி சோறு தின்றுகொண்டிருந்தாள். அவன் குறட்டை திடீரென்று நின்றது. வயிறு ஏறி இறங்கியது. மூச்சு மட்டும் வரவில்லை. பிறகு திணறிக்கொண்டு விழித்தான்.

"ஏலே, ராத்திரியும் இப்படித்தானா?"

"தெரியல, ஏளா. காலையில தலை வலிக்கும். தூங்கின மாதிரியே இருக்காது. எனக்குப் படிக்கணும்னுதான் ஆசை. கண்ணு தானா மூடுது."

பிலோமிக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

அவள் அப்பா ரோச், சங்கு குளிக்கும் தோணியில், முங்கும் ஆளின் இடுப்புக் கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பவர். ஆள் கடலுக்குள் முங்கியதும் தாமும் மூச்சை அடக்கிக்கொள்வார். தமக்கு மூச்சு முட்டினால் கீழே இருப்பவனுக்கும் முட்டும் என்பது அவர் கணக்கு. அந்த வழிதான் பிலோமிக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நேராகக் கடைக்குப் போனாள். உள்ளறையில் நயினார் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. அவன் மூச்சு நிக்கும்போது நீங்களும் நிறுத்துங்க. அவன் விடும்போது விடுங்க."

"இது என்ன விளையாட்டு ஏளா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார் அண்ணாச்சி.

குறட்டை நின்றது. அண்ணாச்சி மூச்சைப் பிடித்தார். முதலில் கன்னம் உப்பியது. பிறகு கண் பிதுங்கியது. அதற்குமேல் தாங்காமல் புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். அவன் இன்னும் விடவில்லை.

"ஐயோ, நயினாரு" என்று அவனைப் பிடித்து உலுக்கினார். அவன் திணறி எழுந்ததும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"இது சோம்பல் இல்லை" என்றார் டாக்டர். "கழுத்துல சதை கூடிப்போய், தூக்கத்துல மூச்சை அடைக்குது. இப்படியே விட்டா இதயம் கெட்டுப்போகும். ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. பலகாரத்தைக் குறையுங்க. எடை மெள்ள மெள்ளத்தான் இறங்கும்; தவறாம கூட்டிட்டு வாங்க."

திரும்பும்போது அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாந்தாம்ல உன்னை இப்படி ஆக்கிப்புட்டேன்."

"விடுங்கப்பா. வாத்தியார்ட்ட மட்டும் வந்து சொல்லுங்க."

அண்ணாச்சி வந்து சொன்னார். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று வாத்தியார் நயினாரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

அதன்பிறகு கடை முகப்பில் நயினார் உட்காரவில்லை. வியாபாரமும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சாயங்காலங்களில் பிலோமியோடு கடற்கரையில் நடந்தான். அவனுக்கு மூச்சு வாங்கினால் அவளும் நின்றுகொள்வாள். மாதங்கள் போயின. இப்போதும் வகுப்பில் பெரிய உடம்பு அவனுக்குத்தான். ஆனால் தலைவலி போயிருந்தது, தூக்கம் தூக்கமாக இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், வகுப்பே சொக்கிக்கொண்டிருந்தது. வாத்தியார்கூட இரண்டு தடவை கொட்டாவி விட்டார். நயினார் எழுந்து, சரித்திரப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கணீரென்று வாசித்து முடித்தான்.

பிறகு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டான்: "அடுத்த பாடத்தையும் வாசிக்கட்டுமா, சார்?"