செம்புலத்துப் பத்தியம்

வெள்ளிக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு, தாம் எந்த வயதில் சாகப்போகிறோம் என்று பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவது செம்புலத்துக்காரர்களின் வழக்கம். குளியலறைக் கண்ணாடியில் எண் வரும். சிலர் பல் துலக்கிக்கொண்டே பார்ப்பார்கள். மின்தூக்கியில் ஏறினால் அன்றைக்கு அதே பேச்சாக இருக்கும். "உங்களுக்கு எவ்வளவு?" "எழுபத்தெட்டு. போன வாரத்துக்கு ஒண்ணு கூடியிருக்கு. உங்களுக்கு?" மழையே பெய்யாத ஊரில் மனிதர்கள் வேறு எதைப் பற்றித்தான் பேசுவார்கள்?

செம்புலம் செவ்வாயில் இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்திலிருந்து நாலு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்கள் கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டிய ஊர். அங்கே குழந்தை பிறந்ததும் அரிசியளவுக் கருவி ஒன்றை இரத்தக் குழாய்க்குள் வைத்துவிடுவார்கள். உயிர்மணி என்று பெயர். அது உடம்பின் சேதிகளை ஊர் நலவகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நலவகத்தின் கணிப்பொறி அவற்றை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு நிழலுடல் கட்டி வைத்திருக்கிறது. நம் உடம்பு இந்த வாரம் செய்ததையே நிழலுடல் ஆயுள் முழுக்கச் செய்து பார்த்து, ஒரு நொடியில் கிழடாகி, எங்கே விழுகிறது என்று சொல்லிவிடும். இது சோதிடம் இல்லை. இப்படியே வாழ்ந்தால் இவ்வளவுதான் என்கிற கணக்கு. விபத்தில் போனவர்களை ஒதுக்கிவிட்டால் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

தெய்வநாயகத்துக்குப் பல மாதங்களாக வந்துகொண்டிருந்த எண் அறுபத்து நான்கு. அவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது.

ஊருக்கு மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் முழுவதும் மூச்சு விடுவதற்கு அவர்தான் பொறுப்பு என்று இருந்த காலத்தில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். ஓய்வு பெற்றதும் ஒரு நாற்காலியைப் பிடித்தார். நாற்காலி அவரைப் பிடித்துக்கொண்டது. பூமியிலிருந்து வரும் கிரிக்கெட் ஆட்டம், மடியில் ஒரு கிண்ணம் காரச்சேவு, ராத்திரி வெகுநேரம் கண்விழிப்பு. செவ்வாயில் உடம்பின் எடை பூமியில் இருப்பதில் பாதிகூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் எலும்பும் இருதயமும் வேலை மறந்துபோகும். அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் எடையங்கி ஒன்றை ஊராட்சி இலவசமாகக் கொடுத்திருந்தது. ஈயத்தட்டுகள் வைத்துத் தைத்த அந்த அங்கியை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகும் சுற்றுவழியில் நடக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதன்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

தெய்வநாயகத்துக்குச் சாவு பயம் இல்லாமல் இல்லை. கூடப் பிறந்த தம்பி ஐம்பத்து மூன்றில் நெஞ்சுவலியில் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அந்தப் பயத்துக்கு அவர் கண்ட வழி சத்து மாத்திரைகள். காலையில் எழுந்ததும் ஒரு தட்டு நிறையப் பரப்பி வைப்பார். மீனெண்ணெய், பூண்டுச் சாறு, மஞ்சள் சாறு, முருங்கைச் சாறு, திராட்சை விதை, பெயர் தெரியாத பாசி ஒன்று, எல்லா உயிர்ச்சத்தும் கலந்த மாத்திரை இரண்டு. பூசை செய்வது போல ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு, நாற்காலிக்குப் போவார்.

அவருடைய ஒரே மகள் செண்பகவல்லி நலவகத்தில் நிழலுடல் வாசிப்பாளர். ஊரார் உடம்பையெல்லாம் படித்து அவர்களுக்குப் புத்தி சொல்வது அவள் உத்தியோகம். அம்மா இறந்தபிறகு வல்லிக்கு இருந்தது அப்பா ஒருவர்தான். அவருக்கு இன்னும் ஐந்தே வருடம் என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத் திரையில் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் அவரை நலவகத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்பா, இது உங்க நிழல். மாத்திரை எல்லாம் போடுது," என்று திரையில் ஓட விட்டாள். நிழலுடல் அறுபத்து நான்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது.

"இப்ப மாத்திரை ஒண்ணுமே கிடையாது." அதே அறுபத்து நான்கு. அதே சரிவு.

"இதுலயும் மாத்திரை கிடையாது. ஆனா அங்கி போட்டு நடக்குது, காரச்சேவைத் தொடறதில்ல, நேரத்துக்குத் தூங்குது." நிழலுடல் எழுபதைத் தாண்டி, எழுபத்தைந்தைத் தாண்டி, எண்பத்தொன்றில் போய்த் தூக்கத்தில் இறந்தது.

தெய்வநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மொத ரெண்டையும் இன்னொருக்க ஓட்டு," என்றார். ஓட்டினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஆமாப்பா. அதைத்தான் சொல்லுதேன். கர்ப்பிணிக்கு, சோகை புடிச்சவங்களுக்கு, உடம்புல ஒரு சத்து நிசமாவே கொறைஞ்சு போனவங்களுக்குக் குடுத்தா பலன் இருக்கு. நாங்களே எழுதிக் குடுக்கோம். உங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. அத்தனையும் மூத்திரத்துல போகுது."

"அது கெடக்கட்டும். மாத்திரை போட்டாலும் அறுவத்திநாலு, போடாட்டாலும் அறுவத்திநாலு. அப்ப மாத்திரையால கெடுதல் இல்லைன்னு ஆயிட்டுல்லா?"

அவ்வளவுதான். திருப்தியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் தட்டில் ஒரு மாத்திரை கூடியிருந்தது.

வல்லி கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். தம்பிக்கு வந்தது தனக்கும் வரும் என்று நடுங்குகிற மனிதர், அதைத் தடுக்கிற ஒரே காரியத்தைச் செய்ய மாட்டேன் என்கிறாரே என்று அவளுக்கு அழுகையாக வந்தது. அப்போதுதான் ஒருநாள் பேச்சுவாக்கில் அவரே வழி காட்டினார்.

"நீ என்னமோ நட, தூங்குன்னு சொல்லுத. அதெல்லாம் மருந்தா? எங்க அய்யா மஞ்சக்காமாலைக்குப் பச்சிலை சாப்பிட்டாரு. உப்பு கெடையாது, புளி கெடையாது, எண்ணெய் கெடையாது. ஒரு மாசம் கல்லு மாதிரி இருந்தாரு. அது மருந்து! பத்தியம் இல்லாத மருந்து என்ன மருந்து?"

வல்லி அப்பாவைப் பார்த்தாள். நடக்கச் சொன்னால் நடக்காதவர். ஆனால் பத்தியம் என்று சொன்னால் கல் மாதிரி இருப்பார்.

அடுத்த வாரம் அவள் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். உள்ளே நீலநிற மாத்திரைகள். மருந்துக்கடையில் வெறும் மாத்திரைக்கூடு வாங்கி, சமையலறையில் இருந்த மரவள்ளிக் கிழங்கு மாவை அவளே அடைத்திருந்தாள். இத்தனை வருடம் உண்மையைத் தவிர வேறெதையும் சொல்லிப் பழகாதவள். ஆனாலும் சொன்னாள்.

"பூமியில இருந்து வந்திருக்குப்பா. நெடுநாள்னு பேரு. சோதனைக்குத்தான் குடுத்திருக்காங்க, கொஞ்சப் பேருக்குத்தான். ஆனா இது வேண்டாம்ப்பா. பத்தியம் ரொம்பக் கடுமை. உங்களால முடியாது."

தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பத்தியம்?"

"முழுங்கினதும் அங்கி போட்டு வேர்க்க வேர்க்க நடக்கணும். இல்லைன்னா மருந்து வயித்துலயே தங்கிரும். எண்ணெய்ப் பலகாரம் வாயில படக் கூடாது, பட்டா முறிஞ்சிரும். தெரு விளக்கு மங்கும்போது படுத்திரணும். தூக்கத்துலதான் அது வேலை செய்யும்."

"ஒரு நா தவறினா?"

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

தெய்வநாயகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல மருந்தாத்தான் இருக்கும் போலிருக்கு. குடு."

அதன்பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. எடையங்கியின்மேல் காய்ந்த துண்டு இறங்கியது. சுற்றுவழியில் தெய்வநாயகம் மூச்சிரைக்க நடந்தார். பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து என்று அழைத்த நண்பர் வீட்டில் பஜ்ஜியைத் தொடாமல், "பத்தியத்துல இருக்கேன்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை விட்டுவிட்டுப் படுக்கப் போனார். வெள்ளிக்கிழமைகள் வந்தன. எண் அறுபத்தாறானது, எழுபதானது, கடைசியில் எழுபத்தொன்பதில் வந்து நின்றது. வல்லி நலவகத்தில் திரைக்கு முன் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெய்வநாயகத்துக்கு ரகசியம் காக்கிற பழக்கம் கிடையாது. மின்தூக்கியில் ஏறி இறங்குவதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிடுவார். கொஞ்ச நாளில் நலவகத்தின் வாசலில் ஊர் திரண்டு நின்றது. எல்லாருக்கும் நெடுநாள் வேண்டுமாம். பத்தியத்துக்குத் தயாராம். மாத்திரை இன்னும் கைக்கு வராதபோதும், கிடைக்கும்போது உடம்பு பழகியிருக்கட்டும் என்று நடக்க ஆரம்பித்திருந்தார்கள். சுற்றுவழியில் இடித்துக்கொள்ளாமல் நடக்க முடியவில்லை. சேவுக்கடைக்காரர் வல்லியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊரில் சத்து மாத்திரை செய்கிற நூறாண்டு என்ற நிறுவனத்தின் முதலாளி பால்வண்ணன் நேரிலேயே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம்.

"தங்கச்சி, இம்புட்டு வருசமா நாங்க மாத்திரை விக்கோம். ஒருத்தன் நெழலும் ஒரு நாள் கூடுனது இல்ல. உன் மாத்திரை கூட்டியிருக்கு. என்ன போட்ட? சொல்லிரு. ஊருக்கே நல்லது."

ஊருக்கே நல்லது என்ற வார்த்தை வல்லியைத் தைத்தது. ஆம், சொல்லிவிட வேண்டியதுதான். பொய் தன் வேலையை முடித்துவிட்டது. ஆயிரம் பேர் நடந்து, எண் கூடி, கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். இனி உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? அவள் நம்பிக்கையோடு ஊர்மன்றத்தைக் கூட்டினாள். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்க, மேடையில் ஏறிச் சொன்னாள்.

"என்னை மன்னிக்கணும். நெடுநாள்ல மருந்தே கிடையாது. வெறும் மரவள்ளி மாவு. எங்கப்பாவைக் காப்பாத்தினது நடையும் தூக்கமும் வாய்க்கட்டும்தான். நீங்க யாரும் எதையும் வாங்க வேண்டாம். நடங்க, அது போதும்."

பின்வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்தார்.

"மரவள்ளின்னா வெள்ளையா, மஞ்சளா?"

அதற்குப் பிறகு வல்லி என்ன சொன்னாலும் காதில் விழவில்லை. கிழங்கை வேகவைத்து அரைப்பதா, காயவைத்து இடிப்பதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பால்வண்ணன் பாதிக் கூட்டத்திலேயே எழுந்து போய்விட்டார். வேறு யாரும் முந்துவதற்குள் அவர் கிழங்குத் தோட்டங்களை விலை பேச வேண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வல்லி அப்பாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டாள்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் தெய்வநாயகம். "மரவள்ளியில இருக்கிற சங்கதியை ஒருத்தனும் கண்டுபுடிக்கல, நீ கண்டுபுடிச்சிருக்க. சபையில ஒத்துக்கிட ஏன் இம்புட்டுக் கூச்சம்? உங்கம்மாவும் இப்பிடித்தான், தன்னைப் பத்திப் பேசவே மாட்டா."

அவர் தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததால் வல்லி அத்தோடு விட்டுவிட்டாள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, எண் எழுபத்தொன்பதாக இருந்தால் சரி.

அது அங்கேயே நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எழுபத்து மூன்று என்று காட்டியது. பொறியில் கோளாறோ என்று நினைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அறுபத்தேழு. அன்று அப்பாவின் எண் மட்டும் விழவில்லை, ஊரின் எண்கள் எல்லாம் சேர்ந்து விழுந்திருந்தன. அறுபத்து நான்கு வந்த நாளில் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சுற்றுவழியில் ஆளே இல்லை. சேவுக்கடையில் வரிசை நின்றது, கடைக்காரர் அவளுக்கு வணக்கம் வைத்தார்.

தெய்வநாயகம் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் சேவுக் கிண்ணம். பக்கத்தில் பளபளவென்று ஒரு டப்பா. அதில் வல்லியின் சிரித்த படம், கீழே அவள் பெயர். 'நெடுநாள் உயர்ரகம். பத்தியம் தேவையில்லை.'

"வா வா," என்றார் உற்சாகமாக. "பால்வண்ணன் கெட்டிக்காரன்தான். உன் மருந்துல ஒரே கொறை அந்தப் பத்தியம். அதை எடுத்துட்டான் பாரு!"

"அப்பா, திரும்பவும் அறுவத்திநாலு வந்திருக்கு."

"புது மருந்துல்லா? நெழலுக்குப் புடிபட நாளாகும்னு டப்பாவிலயே போட்டிருக்கு." ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். "நீயும் ஒண்ணு போடு. மூஞ்சியே சரியில்ல."

வல்லிக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. டப்பாவைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. படித்த படிப்பு, ஓட்டிக் காட்டிய நிழல்கள், மேடையில் சொன்ன உண்மை எல்லாம் அந்த ஒரு கிண்ணம் சேவுக்கு முன் தோற்றுப்போய்க் கிடந்தன. பிறகு டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏமாத்திட்டாங்கப்பா. இது போலி."

"என்னது?"

"அசல் சரக்கு இனிமேத்தான் வருது. எங்கிட்ட மட்டும் கொஞ்சம் இருக்கு. ஆனா வேண்டாம், அதுக்குப் பத்தியம் முன்னதைவிடக் கடுமை. இருவேளையும் நடக்கணும். சேவு வாசனைகூட ஆகாது."

தெய்வநாயகம் ஆட்டத்தை நிறுத்தினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"கசக்குமா?"

"வாயில வைக்க முடியாதுப்பா."

"அப்பிடிச் சொல்லு!" என்றார் தெய்வநாயகம்.

நிழலுடல் அறிவியலில் பட்டம் வாங்கிய செண்பகவல்லி அன்று சாயங்காலம், மரவள்ளி மாவில் சேர்த்து அரைப்பதற்கு ஊர்த்தோட்டத்தில் நிலவேம்பு தேடிக்கொண்டிருந்தாள்.