பூட்டிய வீட்டின் பார்சல்கள்

திரும்பி வந்த பார்சல் பிரிக்கப்பட்டிருந்தது.

தமிழ்மொழி அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்தாள். வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று திருப்பும் பொருள்களுக்காக விழிதியூர் வயல்களுக்கு நடுவே எழும்பிய புதுக் கிடங்கில் நின்றிருந்தாள். நாளை திறப்பு, பொறுப்பு முழுக்க அவளுடையது. அதற்குமுன் நைட்டி, செருப்பு, தலையணை என்று மூன்று சோதனைப் பார்சல்கள் பூட்டிய வீடொன்றுக்குப் போய்த் திரும்பி வந்து சேர வேண்டும். வராவிட்டால் திறப்பு நிற்கும், அவள் வேலையும் போகும். காரைக்காலில் பூட்டிய வீட்டுப் பார்சலைப் பக்கத்து வீட்டார் வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படி வாங்கி வைக்கக்கூட ஆளில்லாத விலாசம் ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். தலத்தெருவில் அவள் தனியாகக் குடியிருக்கும் வீடு. காலையில் அதைப் பூட்டிவிட்டு வந்து, பார்சல்களில் அந்த விலாசத்தையே எழுதியிருந்தாள்.

பெட்டிக்குள் நைட்டி கசங்கிக் கிடந்தது, அக்குளில் ஈரம் காயாமல். அட்டை வாசனையையும் பெயின்ட் நெடியையும் மீறி, மூடிய அறையில் நெடுநாள் படுத்துக் கிடந்த உடம்பின் வாடை மெல்ல எழுந்து அவள் தொண்டைவரை வந்தது. தகரக் கூரையில் ஐப்பசி மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

டெலிவரி வண்டி ஓட்டும் அஜ்மீரைப் போனில் பிடித்தாள்.

“வீட்ல ஆளு இருந்தாங்களேக்கா. போட்டுப் பாத்துட்டு வேணாம்னு குடுத்துட்டாங்க. தனியா இருக்கேன்னு ஊரையே ஏமாத்துறீங்க, போங்க.”

“யாரு அது?”

“என்னயக் கேட்டா? ‘அவ சாப்ட்டாளா’ன்னு விசாரிச்சாங்க. உங்களத்தான்.”

எத்தனையோ வருடமாக அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பயத்துக்கு அடியில் சின்னதாக ஓர் இதம் கசிந்தது. பயத்தைவிட அந்த இதம்தான் அவளை நடுக்கியது.

மதியம் செருப்பு வந்தது. அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. உட்புறம் மட்டும், பல வருடம் ஒரே இடத்தில் யாரோ நின்றதுபோல், குழிந்து தேய்ந்திருந்தது.

மூன்றாவதை நிறுத்த ஒரு வார்த்தை போதும். சொன்னால் நாளை கிடங்கு திறக்காது.

“கொண்டுபோய்க் குடுங்க அஜ்மீர்,” என்றாள்.

அந்தி மங்கும் வேளையில் வண்டி திரும்பியது. அஜ்மீர் நனைந்தபடி இறங்கினான்.

“தலையணை எங்க?”

“அவங்ககிட்டயே இருக்குக்கா. நானே குடுத்துக்கறேன்னு பின்னாடி ஏறிட்டாங்க. முன்னாடி வாங்கன்னேன், கேக்கல.” டீ குடிக்கக் கூரைக்கடியில் ஓடிவிட்டான்.

வண்டியின் பின்கதவு. வெளித்தாழ்ப்பாள் போட்டபடி. நீக்கினாள்.

யாரும் இல்லை.

தரையில் தலையணை மட்டும். ஸ்கேன் செய்ய வேண்டிய லேபிள் அதற்கு அடியில் பாதி தெரிந்தது. ஸ்கேன் செய்தால் முடிந்தது.

ஏறினாள். மண்டியிட்டாள். அதே வாடை.

தலையணையின் நடுவே ஒரு தலை அழுத்திய பள்ளம். கை நீட்டினாள்.

பள்ளம் நகர்ந்தது.

மெதுவாக. ஓரத்துக்கு. இன்னும் ஓரத்துக்கு.

பாதித் தலையணையை அவளுக்கு விட்டு.